தலைகீழாகப் பார்த்தால் 98

2021 மே மாதம். இரவு பதினொன்றரை மணிக்குத் திருச்சியிலிருந்து அத்தையின் போன்.

"டேய், எனக்கு ஆக்சிஜன் எழுபத்திரண்டுதான்டா காட்டுது. நூத்தியெட்டைக் கூப்பிட்டுடட்டுமா?"

குரல் நடுங்கியதே தவிர, மூச்சு வாங்கவில்லை. சந்தேகம் வந்து, "இன்னொரு நம்பர் இருக்குமே அத்தை, அது எவ்வளவு?" என்றேன்.

"அது தொண்ணூத்தேழு. அது நாடிதானே?"

அதுதான் ஆக்சிஜன். எழுபத்திரண்டு என்பது நாடி. அந்த வயதுக்கு அருமையான நாடி! விஷயத்தைச் சொன்னதும் அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்களுக்கு மேலே எறும்பளவில் ஏதோ ஆங்கில எழுத்து இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றின் மேல் 'எஸ்பிஓ2', இன்னொன்றின் மேல் 'பிஆர்'. "இதுல ஆக்சிஜன்னு எங்கடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கும் எழுதியிருக்கவில்லை.

அதன்பிறகு தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு ஆக்ஸிமீட்டரை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 98 என்று காட்டியது. எதிரே இருந்த மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, எண்பத்தாறா?" என்று பதறினாள். கையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கோடு கோடாக ஒளிரும் அந்த எண்களில் 9ஐத் தலைகீழாக்கினால் 6. 8 எப்படித் திருப்பினாலும் 8. ஆக, 98ஐ எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் 86. எனக்கு 98 இருந்து அவளுக்கு 86 தெரிந்தால் வீண் பயம், அவ்வளவுதான். நோயாளிக்கு உண்மையிலேயே 86 இருந்து, கட்டிலுக்கு எதிரே நிற்பவர் 98 என்று படித்துவிட்டு "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்று போய்விட்டால்?

அந்தக் குட்டிக் கருவிக்குள் இருக்கும் அறிவியல் சாதாரணமானதல்ல. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உடலுக்குள் பாய்ச்சி, துடிக்கும் ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவைக் கணித்துவிடலாம் என 1974இல் காட்டியவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. உலகமே அவருடைய கருவியைத் தேடி மருந்துக் கடைகளுக்கு ஓடத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். ஒளி விரலைக் கடப்பது, மின்சாரமாவது, கணக்காவது என்று எல்லாம் துல்லியமாக நடந்து முடிந்து, கடைசியில் திரையிலிருந்து மனிதக் கண்ணுக்கு வரும் அந்த ஓரங்குலத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது.

அந்த ஓரங்குலத்தைத்தான் இடைமுகம் என்கிறோம். திரை, பொத்தான், அலாரச் சத்தம், எச்சரிக்கை வாசகம் எல்லாம் அதில் சேர்த்தி. ஊசியின் மூடியும்கூட.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இருக்கும் வீட்டில் இது தெரியும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். 40க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது வேண்டிய அளவில் ஐந்தில் இரண்டு பங்குதான். இதற்கு நேர்மாறாகச் செய்தால் இரண்டரை மடங்கு. சர்க்கரையால் பார்வை மங்கிய எழுபது வயதுக்காரர் விடிகாலை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிந்துகொள்வார் என்று யாரோ, எங்கோ, நல்ல வெளிச்சமுள்ள அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கைப்பேசியில் யாரையாவது அழைக்கப் போவதுபோல் எண்பலகையைத் திறங்கள். மேல் வரிசையில் 1, 2, 3. மூடிவிட்டு அதே கைப்பேசியில் கணக்குப் போடும் செயலியைத் திறங்கள். மேல் வரிசையில் 7, 8, 9. ஒரே கைப்பேசியில், ஒரே விரலுக்கு, இரண்டு எதிரெதிர் ஒழுங்குகள். மளிகைக் கணக்கில் தவறினால் சில ரூபாய் போகும். மருந்து ஏற்றும் பம்புகளிலும் சில முதல் மாதிரி, சில இரண்டாவது மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவருடைய வார்டில் மூன்று கம்பெனிகளின் சிரிஞ்ச் பம்புகள் இருக்கின்றன. "ஒண்ணுல ஸ்டாப் இருக்கற இடத்துல இன்னொண்ணுல போலஸ் இருக்கு சார். நைட் மூணு மணிக்குக் கை தானா போயிடும்" என்றார். போலஸ் என்றால் மருந்தை மொத்தமாக ஒரே தள்ளாகத் தள்ளுவது. நிறுத்தப் போன கை தள்ளிவிட்டால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்படி நடந்தால் விசாரணை அறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும்: ஊழியரின் கவனக்குறைவு.

இந்த வாசகத்தை முதலில் சந்தேகித்தது மருத்துவத் துறை அல்ல, போர் விமானத் துறை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றால் தேய்த்துச் சென்ற சம்பவங்கள் அடிக்கடி நடந்தன. விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். 1943இல் இதை ஆராயப் போன அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் ஓர் உளவியலாளர். அவர் விமானியை விட்டுவிட்டு விமானத்தைப் பார்த்தார். சக்கரத்தை இயக்கும் விசையும் இறக்கை மடலை இயக்கும் விசையும் பக்கத்தில் பக்கத்தில், அச்சாக ஒரே மாதிரி இருந்தன. சக்கர விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். கை தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டது. சக்கரம் மடங்குவது நின்றது.

இந்த யோசனை மருத்துவமனைக்குள் வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1978இல் பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளரும் குழுவினரும் மயக்க மருத்துவர்களிடம் பேசி, தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்களைத் திரட்டினார்கள். அவற்றில் 82 விழுக்காட்டில் மனிதத் தவறு இருந்தது; கருவியே பழுதானது 14 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்த்தால் மருத்துவர்கள்மீது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். கூப்பர் அப்படிப் படிக்கவில்லை. கவனமுள்ள, படித்த மனிதர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தால், தரையைப் பார்க்க வேண்டும் அல்லவா? வாயுக்களைக் குமிழ் திருப்பிச் செலுத்தும் எந்த மயக்க மருந்து இயந்திரத்தையும் பாருங்கள். மற்றக் குமிழ்கள் வழவழப்பாக இருக்க, ஆக்சிஜன் குமிழ் மட்டும் ஆழ்ந்த வரிகளோடு, சற்றுத் துருத்திக்கொண்டு இருக்கும். நோயாளியிடமிருந்து கண்ணை எடுக்காமலே விரல் அதைக் கண்டுபிடிக்கும். சப்பானிஸின் ரப்பர் சக்கரத்துக்கு அது பங்காளி.

இனி நான் பலமுறை படித்தும் மனம் ஆறாத ஒரு நிகழ்வு. 2006 ஜூலை 31, கனடாவின் எட்மன்டன் நகரம். புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்மணிக்கு ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தை நான்கு நாட்கள் மெதுவாக ஏற்ற வேண்டும். இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய சிறிய பம்ப். அதில் வேகத்தைப் பதிவதுதான் செவிலியரின் வேலை. மருந்துப் பையில் ஒட்டியிருந்த விவரப்படி மொத்த மருந்து 5,250 மில்லிகிராம். ஒரு மில்லியில் 45.57 மில்லிகிராம், கால அளவு 4 நாள்.

கணக்கை நாமும் போடலாம். 5,250ஐ 45.57ஆல் வகுத்தால் சுமார் 115.2 மில்லி. நான்கால் வகுத்தால் நாளொன்றுக்கு 28.8 மில்லி. பம்புக்கு வேண்டியது மணிக்கு எவ்வளவு என்பது. ஆகவே 24ஆல் இன்னொரு முறை வகுக்க வேண்டும்: 1.2 மில்லி.

அந்தக் கடைசி வகுத்தல் விட்டுப்போனது. கால்குலேட்டரில் 28.8 வந்தது. விடையைச் சரிபார்க்கச் சீட்டைப் பார்த்தால் அங்கேயும் 28.8 இருந்தது, '24 மணி நேரத்துக்கு' என்ற குறிப்போடு, 1.2 என்பது அடைப்புக்குறிக்குள். தேடிய எண் கண்ணில் பட்டுவிட்டால் மனசு அதற்கு மேல் படிக்காது. மணிக்கு 28.8 என்று பம்பில் பதிவானது. விதிப்படி இரண்டாவது செவிலியர் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தார். அவரும் 24ஐ விட்டார். அவருக்கும் 28.8. இருவர் விடையும் ஒத்துப்போனதால் தவறுக்கு முத்திரை விழுந்தது.

நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறி முடிந்தது. அந்த மருந்துக்கு அப்போது முறிமருந்து புழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் ஒன்று அனுமதி பெற்றது 2015 டிசம்பரில்தான். மூன்று வாரங்கள் கழித்து அவர் இறந்தார்.

விசாரணை செய்த, பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான கனடா நிறுவனம் இரண்டு செவிலியரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு சிறிய சோதனை நடத்தினார்கள். ஐந்து செவிலியரை அழைத்து அதே வகைப் பம்பைக் கொடுத்து இயக்கச் சொன்னார்கள். ஐந்து பேருமே ஏதாவது ஓரிடத்தில் குழம்பினார்கள். மூன்று பேர் தவறான எண்ணைப் பதித்தார்கள். இறப்பு எதுவும் நடக்காத ஓர் அறையில், யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில்!

பையில் எவ்வளவு மருந்து, எந்த வேகம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எப்போது முடியும் என்பது ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. வீட்டில் சலவை இயந்திரம்கூட 'இன்னும் 42 நிமிடம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. 'இந்த வேகத்தில் 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், சரிதானா?' என்று அந்தப் பம்ப் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்கும்படி அதை யாரும் செய்யவில்லை.

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் திம்பிள்பி இந்த நிகழ்வைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பேசியவர். அவருடைய ஆய்வின் மையம் கேட்பதற்கு அற்பமானது: மனிதர்கள் எண்களை எப்படி அடிக்கிறார்கள்? அற்பம் என்று நினைத்த இடத்தில்தான் புதையல். புள்ளியைத் தவறுதலாக இரண்டு முறை அழுத்தினால் கருவி என்ன செய்ய வேண்டும்? 'இது எண்ணே இல்லை' என்று சொல்லி நிற்க வேண்டும். பல கருவிகள் சத்தமில்லாமல் ஒரு புள்ளியை விழுங்கிவிட்டு, தாமாக ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. சில பம்புகளில் 100ஐத் தாண்டினால் புள்ளிப் பொத்தானே செயல்படாது, 100.1 என்று அடித்தால் 1001 என்று பதியும். எண் அமைப்பில் பிழை இருந்தால் ஏற்க மறுத்தாலே, அளவு பத்து மடங்கு கூடியோ குறைந்தோ போகும் தவறுகளைப் பாதியாகக் குறைக்கலாம் என்று திம்பிள்பியும் பால் கேர்ன்ஸும் 2010இல் கணித்துக் காட்டினார்கள். புது வன்பொருள் வேண்டாம், செலவு வேண்டாம். சில வரி நிரல் போதும்.

அதற்கு அடுத்த ஆண்டு அவர் குழுவினர் கண்டது இன்னும் வேடிக்கை. கால்குலேட்டர் மாதிரி எண்பலகையில் அடிக்கும்போது நம் கண் விரலின் மேலேயே இருக்கிறது. மேல்-கீழ் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி எண்ணை ஏற்றி இறக்கும்போது கண் திரையின் மேல் இருக்கிறது. வேறு வழியில்லை, பார்த்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். பார்ப்பதால் தவறு கண்ணில் படுகிறது. எண்பலகை வேகமானதுதான். ஆனால் கண்டுபிடிக்கப்படாமல் போகும் தவறுகள் அம்புக்குறியில் குறைவு. வேகத்தை மட்டும் அளந்திருந்தால் தவறான கருவிக்குப் பரிசு கொடுத்திருப்போம்.

பொத்தானை அழுத்தினால் அழுத்தியபடியே பதியும் என்று நினைப்பதும் பிசகுதான். ஒரு முறை அழுத்தியதை இரண்டு முறையாகப் பதிவு செய்யும் கோளாறு பம்புகளில் உண்டு. 10 அடித்தால் 100 ஆகிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005 முதல் 2009 வரை மருந்தேற்றும் பம்புகள் பற்றித் தனக்கு வந்த ஏறத்தாழ 56,000 புகார்களை அலசி, 2010இல் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருந்தது. அந்த ஐந்தாண்டில் 87 முறை பம்புகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சாட்சி டொரண்டோவில் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு வலி வந்தால் நோயாளியே பொத்தானை அழுத்தி மார்ஃபினைச் செலுத்திக்கொள்ளும் பம்ப் ஒன்று உண்டு. அதில் மருந்தின் செறிவைத் தவறாகப் பதித்துவிட்டால் நோயாளி ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தவறு பெருகும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கிம் விசென்டேயும் அவரது மாணவர்களும் புழக்கத்தில் இருந்த பம்பை எடுத்து, செவிலியர் அதை இயக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திரையையும் பொத்தான்களையும் மட்டும் கணினியில் மாற்றி வரைந்தார்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் திரை காட்டியது. பொத்தானின் பெயர் செவிலியர் பேசும் மொழியில் இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னது. பழைய பம்பில் 29 தவறு செய்த அதே செவிலியர்கள் புதியதில் செய்தது 13. செறிவைத் தவறாகப் பதிந்தது பழையதில் எட்டு முறை. அதில் மூன்று கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. புதியதில் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் மாறவில்லை, மருந்து மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு, 'எளிமையாக்கிவிட்டால் தீர்ந்தது' என்று கிளம்புகிறவர்களுக்கு தெராக்-25இன் கதையைச் சொல்ல வேண்டும். கனடா அரசின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் அது. சிகிச்சை அறையில் ஒருமுறை பதிந்த எண்களை, வெளியே கட்டுப்பாட்டு மேசையில் மறுபடி முழுக்க அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் இயந்திரம் இயங்கும் என்று முதலில் வைத்திருந்தார்கள். இயக்குபவர்கள் அலுத்துக்கொண்டார்கள்: நேரமாகிறது. நிறுவனம் காது கொடுத்துக் கேட்டு, 'என்டர்' விசையைத் தட்டினால் பழைய எண் அப்படியே வந்து விழும்படி மாற்றிக் கொடுத்தது. பயனாளர் மகிழ்ந்தார். தட்டு, தட்டு, தட்டு என்று முடிந்துவிடும்.

1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் அனுபவமுள்ள ஒரு பெண் இயக்குநர், எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே தவறைக் கண்டு, மேலே போய்த் திருத்தி, என்டரைத் தட்டித் தட்டிக் கீழே வந்தார். எல்லாம் எட்டு விநாடிக்குள். உள்ளே காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்காது. திரையில் 'இ' இருந்தது. இயந்திரத்துக்குள் எக்ஸ் கதிருக்கு உரிய, பல மடங்கு வலிமையான கற்றை தடுப்பு ஏதுமில்லாமல் காத்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு வரி வந்தது. கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. கேட்ட 202 அலகில் 6 மட்டுமே போயிருப்பதாகத் திரை சொன்னது. அந்த இயந்திரம் நாளுக்குப் பலமுறை இப்படி எதையாவது முணுமுணுத்து நிற்பதும், 'பி' தட்டினால் தொடர்வதும் வழக்கம். அவர் 'பி' தட்டினார். உள்ளே முதல் அடியிலேயே துடித்து எழ முயன்ற நோயாளிமேல் இரண்டாவது அடி விழுந்தது. அன்றைக்கு உள்ளே பார்க்கும் கேமராத் திரையின் இணைப்பு பிடுங்கிக் கிடந்தது. பேசும் கருவி பழுது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை இப்படி ஆறு விபத்துகள். டைலரில் மூன்று வாரத்துக்குள் இரண்டாவது விபத்து நடந்தபோது, மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த இயக்குநரும் சேர்ந்து உட்கார்ந்து, அதே எண்களைத் திரும்பத் திரும்ப வேகமாக அடித்துப் பார்த்து, '54'ஐ வரவழைத்துவிட்டார்கள். வேகமாக அடிக்கப் பழகாத யாரும் அதைக் கண்டிருக்க முடியாது. தெராக்-25ஐ விரிவாக ஆராய்ந்து 1993இல் நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் எழுதிய கட்டுரை இன்றும் பொறியியல் வகுப்புகளில் பாடம்.

ஆக, கைக்கு இலகுவாக இருப்பது ஒன்று, தவறு செய்ய முடியாதபடி இருப்பது வேறு. இரண்டாவது சிலசமயம் முதலாவதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகலாம், எந்த இடத்தில் கால் தடுக்க வேண்டும் என்று தெரிந்து வைப்பவரே நல்ல வடிவமைப்பாளர்.

அலாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் சிஸ்டர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 77 படுக்கைகள் கொண்ட ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளை 31 நாட்கள் பதிவு செய்து 2014இல் கணக்கு வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று கூவிய 12,671 அலாரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது சுமார் 89 விழுக்காடு பொய். 'புலி வருது' கதைதான். காது மரத்துப்போவது அலட்சியம் ஆகாது. மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

இத்தனைக்கும் நல்ல ஒலிக்கு முன்மாதிரி மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. அறுவை அரங்கில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் 'பிப்... பிப்...' என்கிறது. ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த 'பிப்'பின் சுருதியும் இறங்கும். மயக்க மருத்துவர் திரையைப் பார்க்கவே வேண்டாம்; ஊசி போட்டுக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பவர், சுருதி பிசகியதும் தலையைத் திருப்புவார். 1980களில் வந்த இந்த ஏற்பாட்டைவிட அழகான இடைமுகத்தை நான் பார்த்ததில்லை. எண் இல்லை, எழுத்து இல்லை, மொழியே இல்லை. இங்கிலாந்தின் ஜூடி எட்வர்தி போன்றவர்கள் இந்த வழியில்தான் போனார்கள். இதயத்துக்கு 'லப்-டப்', மூச்சுக்கு இழுத்துவிடும் மூச்சு, மருந்துக்குக் குப்பியில் மாத்திரை குலுங்கும் சத்தம். மருத்துவ அலாரங்களுக்கான சர்வதேசத் தரத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இவற்றுக்கு இடம் கிடைத்தது.

கருவியைச் சந்தைக்கு அனுப்புவதற்கு முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது. ஐஇசி 62366 என்ற சர்வதேசத் தரம் 2007இல் வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் குறைந்தது 15 பேரை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. செவிலியர் பதினைந்து, வீட்டு நோயாளிகள் பதினைந்து என்கிற மாதிரி. தடுமாறுகிறவருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பொறியாளருக்கு அதுதான் மிகக் கடினமான பகுதி என்பார்கள். 'அங்கே இல்லம்மா, இங்கே அழுத்துங்க' என்ற சொல் தொண்டை வரை வந்து நிற்கும்.

பார்த்துப் பார்த்துச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1999இல் ஒரு விளையாட்டுத்தனமான ஆய்வு காட்டியது. நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிப் பெட்டியை, அதற்குமுன் கண்ணால்கூடப் பார்த்திராத 15 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பொம்மை நோயாளிதான். பெட்டி பேசியது, படம் காட்டியது; பிள்ளைகள் கேட்டபடி செய்தார்கள். அதிர்ச்சி கொடுக்க அவர்களுக்குச் சராசரியாக 90 விநாடி பிடித்தது. பயிற்சி பெற்ற அவசர மருத்துவ ஊழியர்களுக்கு 67 விநாடி. வித்தியாசம் 23 விநாடி!

ஒரு கருவியை வாங்கும்போது விலை, உத்தரவாதம், சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதையெல்லாம் கேட்கும் மருத்துவமனைகள், அதை இரவு மூன்று மணிக்கு இயக்கப் போகிற சிஸ்டரிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். மூன்று கம்பெனியின் பம்பை ஒரே வார்டில் கலந்து வைக்காமலாவது இருக்கலாம். இரண்டுக்கும் பைசா செலவில்லை. எனக்குத் தெரிந்த சிஸ்டர், பம்புகளில் ஸ்டாப் பொத்தான்மேல் சிவப்பு நெயில்பாலிஷ் வைத்திருக்கிறார். சப்பானிஸ் பார்த்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

அத்தையின் ஆக்ஸிமீட்டரில் நானும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு பக்கம் 'ஆக்சிஜன்' என்றும் மறுபக்கம் 'நாடி' என்றும் தமிழில் பெரிதாக எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் எழுதி ஒட்டுங்கள். பக்கவாட்டில் ஓர் அம்புக்குறியும் போடுங்கள், எது மேல் பக்கம் என்று தெரிய. இன்னொரு வேண்டுகோள். மருத்துவமனையில் உறவினர் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும்போது, சிஸ்டர் வந்து பம்பில் எண்ணைப் பதியத் தொடங்கினால், "டாக்டர் எப்ப வருவாங்க?" என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். அவர் அடித்து முடித்து, திரையை ஒருமுறை பார்த்து, நிமிரட்டும். பிறகு கேட்டுக்கொள்ளலாம்.